ஆறாம் காம்பரா

அந்த மலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதியது போதும். அப்புத்தளையில் பஸ் ஏறி, கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் தேயிலைக்கு மேலே தெரிகிற உச்சிகளில் அது ஒன்று. அதன் அடிவாரத்துத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன்.

இது நடந்தது இரண்டாயிரத்துக்கு ஐந்தாறு வருடம் கழித்து, அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். இரண்டு டெலிபோன் கூண்டு, ஒரு போட்டோகொப்பி மெஷின், நான்கு கம்பியூட்டர். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமல் பதுளையிலேயே தங்கிவிட்டவர். நான் அவரை ஐயா என்பேன். அவர் என்னைப் பிள்ளை என்பார், ஆனால் 'நீர்' போட்டுத்தான் பேசுவார். கிழமை நாட்களில் டவுனில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

கடைக்கு வருகிற வெள்ளைக்காரர்களில் சிலர் ரயிலிலிருந்து பார்த்த அந்த உச்சியைப் பற்றிக் கேட்பார்கள். எப்படி ஏறுவது, எத்தனை மணி நேரம், தண்ணீர் உண்டா. கம்பியூட்டரில் தேடினால் ஒன்றும் வராது. ஒருமுறை இரண்டு பேர் கேட்காமலே போய், பனிமூட்டத்தில் வழி தவறி, அடுத்த நாள் காலை வேறொரு தோட்டத்து ஃபெக்டரிக்கு முன்னால் முழங்கால் ரத்தத்தோடு போய் நின்றார்கள். அந்தக் கதையைக் கேட்ட ஐயா சொன்னார்:

"உம்மட தோட்டத்து மலைதானே, பிள்ளை. வழியை ஒழுங்கா எழுதி நெட்டில போடும். வாறவனுக்கு உதவியா இருக்கும்."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நான் செய்த வேலைகளில் என் பெயர் சொல்லும் வேலை எதுவும் அதுவரை இருக்கவில்லை.

ஐயாவின் சின்ன டிஜிட்டல் கெமராவையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு ஏறினேன். அண்ணன் ஃபெக்டரியில் வேலை. சின்ன வயதிலிருந்து விறகுக்குப் போய்ப் பழகியவன், காட்டுப் பாதை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. நான் ஒவ்வொன்றாக எழுதினேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்ப வேண்டும். தேயிலை முடிகிற இடத்தில் டர்பன்டைன் என்கிற பைன் மரங்கள். அதற்குள் அரை மணி நேரம். பிறகு ஓடை. ஓடையில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும், மேலே கிடையாது. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரக் கட்டியைத் தடவிக்கொள்ள வேண்டும். ஓடைக்கு மேலே அடர்ந்த காடு, அதற்கு மேலே இடுப்புயர மானாப்புல், கடைசியில் பாறை.

உச்சியில் நாங்கள் நின்றபோது நல்ல வெயில். இறங்கத் தொடங்கியதும் பனி வந்தது. எங்கள் பக்கத்துப் பனியைத் தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மேலிருந்து இறங்காது, கீழிருந்து ஏறி வரும். முன்னால் போன அண்ணனின் முதுகு தெரியவில்லை. அவன் இருமுவது மட்டும் கேட்டது, அதுவும் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. அப்போதுதான் வேறொரு சத்தம் கேட்டது. சரசரவென்று, யாரோ பேப்பரைக் கசக்குவது மாதிரி. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு மரக்கிளையில் வெள்ளை உரப்பையைக் கிழித்த கீற்று ஒன்று கட்டியிருந்தது. காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. எல்லாம் என் நெஞ்சு உயரத்தில், ஒரே மாதிரி முடிச்சு.

கீற்று கீற்றாகப் பிடித்து ஓடை வரை இறங்கிவிட்டோம். ஓடையைத் தாண்டியதும் கீற்றுகள் வலது பக்கம் திரும்பின. எங்கள் பாதை இடது பக்கம். அண்ணனுக்கு அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரியும்.

"காட்டு இலாகாக்காரங்க கட்டியிருப்பாங்களோ?" என்றேன்.

"அவங்க பெயின்ட் அடிப்பாங்க. இது வேற யாரோ." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "யாரு கட்டுனாங்கன்னு தெரியாம இத எழுதாத."

நான் எழுதினேன். 'பனிமூட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். மரங்களில் வெள்ளைக் கீற்றுகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பின்பற்றுங்கள்.' ஆங்கிலத்திலும் தமிழிலும். ஐயா என் ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தார். போட்டோக்கள் ஏற்ற ஒரு பகல் முழுக்கப் போனது.

மூன்று நான்கு மாதத்தில் ஈமெயில்கள் வரத் தொடங்கின. நன்றி, உங்கள் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஏறினோம், அட்டைக்கு சவர்க்காரம் நல்ல யோசனை என்றெல்லாம். ஐயா ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு, கடைக்கு வருகிறவர்களிடம் "எங்கட பிள்ளை எழுதினது" என்பார்.

பிறகு வேறு மாதிரி ஒன்று வந்தது. ஒரு கணவனும் மனைவியும் எழுதியிருந்தார்கள். இறங்கும்போது பனி. கீற்றுகளைப் பின்பற்றினோம். அவை எங்களை பஸ் வீதிக்குக் கொண்டுவரவில்லை, ஒரு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் விட்டன. அங்கே ஓர் அம்மா. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக, மிகக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு தேநீர் தந்தார். அது விருந்தினர் விடுதியா?

அடுத்த மாதம் இன்னொருவர் எழுதினார். பனிக்குள் ஒரு பெண் என்னை நோக்கி ஓடி வந்தார், ஏதோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே. என் முகம் தெரிந்ததும் நின்றுவிட்டார்.

ஓடைக்கு வலது பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மேல் டிவிஷன் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த நீண்ட வீட்டு வரிசை. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே மூடிவிட்டார்கள். அங்கே ஆளில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"காவக்காரரு பொஞ்சாதி," என்றான். "அது கொஸ்லந்தையில தம்பி வீட்டுக்குப் போயிருச்சின்னுல்ல சொன்னாங்க."

எனக்கும் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. மேல் டிவிஷனில் காவல் வேலை பார்த்தவர், ஒரு பின்னேரம் தவறிப்போன மாட்டைத் தேடி மலைக்குப் போனார். பொழுது சாயும்போது மாடு தானாகத் திரும்பி வந்துவிட்டது. அவர் வரவில்லை. மூன்று நாள் தேடினார்கள். எங்கள் அப்பாவும் போனார். சத்தம் கேட்டாவது திசை தெரியட்டும் என்று காட்டு ஓரத்தில் நின்று தப்படித்தார்கள். பனிக்குள் அந்தத் தப்புச் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்ததால் தேடப் போனவர்களே சிலர் வழி தவறினார்கள். பாறையில் விழுந்திருப்பார் என்றார்கள் சிலர். கொழும்புக்கு ஓடிவிட்டார் என்றார்கள் சிலர். சிறுத்தை என்றும் சொன்னார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நானும் அண்ணனும் போனோம். ஓடை வரை ஏறி, இந்த முறை கீற்றுகள் போன பக்கம் திரும்பினோம். கீற்றுகள் இருபது முப்பது அடிக்கு ஒன்றாக இருந்தன. சில வெயிலில் நைந்து நூலாகத் தொங்கின, பல புதிது. மரங்கள் விலகியதும் லயம் தெரிந்தது. பத்துக் காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கான அறை, ஒரே வரிசையில். பாதிக்குக் கூரை இல்லை. உள்ளே மரம் முளைத்திருந்தது. ஒரே ஒரு காம்பராவின் வாசல் மட்டும் கூட்டிச் சாணி தெளித்திருந்தது. பக்கத்தில் போஞ்சிக் கொடிப் பந்தல்.

அந்த அம்மா கதவில் நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் முகத்தைப் பார்த்தார். முதலில் அண்ணனை, ரொம்ப நேரம்.

"கீழ் லயத்துப் புள்ளைங்களா? உக்காருங்க."

தம்பி வீட்டில் ஒரு வருடம் கூட இருக்க முடியவில்லையாம். திரும்பி வந்துவிட்டார். மலையின் அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு இறங்கிக் கொழுந்தெடுக்கிறார், கடை கண்ணிக்கும் அந்தப் பக்கம்தான் போகிறார். அதனால்தான் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"அந்தக் கீத்து நீங்க கட்டுனதாம்மா?" என்றேன்.

"ஆமா. அவருக்குப் பனியில திசை தெரியாது. வெள்ளையா எதுனாச்சும் கண்ணுல பட்டா அதப் புடிச்சிக்கிட்டு வருவாரு. வருசத்துக்கு ரெண்டு தடவ மாத்தணும், வெயிலு தின்னுருது." அடுப்பிருந்த குசினிப் பக்கம் போய்க்கொண்டே சொன்னார்: "பத்து வருசமா ஒருத்தரும் வரல. இப்ப ஒரு வருசமா வர்றாங்க. பனிக்குள்ள காலடிச் சத்தம் கேக்கும். நான் எந்திரிச்சி ஓடுவேன். பாத்தா யாரோ வெள்ளைக்காரங்க."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். கம்பியூட்டரில் எழுதினேன், அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள், இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை.

"வர்றவங்க எல்லாம் உச்சி வரைக்கும் போறாங்களா?"

"போறாங்கம்மா."

"அப்ப எதுக்கு அழிக்கிற? எனக்கு முட்டி புடிச்சிக்கிருச்சி. புல்லுக்கு மேல ஏற முடியல. அவங்க போறப்ப அவரு கண்ணுல பட்டா ஒரு சேதி சொல்லச் சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கொப்பியை எடுத்தேன். அவர் சொன்னது இதுதான்:

"நாலாம் காம்பராவுக்குப் போக வேணாம். அங்க கூரை விழுந்திருச்சி. இப்ப ஆறாம் காம்பராவுல இருக்கேன். கதவுக்குத் தாப்பா போடுறதில்ல."

திங்கட்கிழமை ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"இது மலையேறுறதுக்கு வழியோ, காணாமல் போனவருக்கு அறிவித்தலோ?"

ஐயாவின் மச்சினன் ஒருவர் வேலைக்கென்று சைக்கிளில் போனவர், எண்பதுகளிலிருந்து வீடு திரும்பவில்லை என்று ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. "போடும், பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டு போட்டோகொப்பி மெஷின் பக்கம் போய்விட்டார்.

கீற்றுகளைப் பற்றிய வரியைத் திருத்தினேன். அவை உங்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல, இறங்கும்போது ஓடையைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்புங்கள் என்று எழுதினேன். அதற்குக் கீழே, அந்த அம்மா சொன்ன அடையாளத்தோடு: 'ஓடைக்கு மேலே, இடது காலைச் சற்று இழுத்து நடக்கும் அறுபது வயதுள்ள ஒருவரைக் கண்டால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.' அந்த அம்மா சொன்னதைத் தமிழிலேயே, ஆங்கில எழுத்தில் போட்டேன். படித்துச் சொல்லக்கூடிய மாதிரி.

வருகிறவர்களுக்கு அது பிடித்துப்போனது. யாரையும் காணவில்லை, ஆனால் உச்சியில் நின்று சத்தமாகச் சொன்னோம் என்று எழுதினார்கள். ஒருவர் எழுதினால் அடுத்தவரும் அதையே செய்தார். மலையேறுகிறவர்களுக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா கதவைச் சாத்தி வைத்திருந்தார். பகல் இரண்டு மணி, பனி லயத்து வாசல் வரை வந்திருந்தது.

"உள்ள வாடி. மலை பேசுது."

"என்னம்மா சொல்றீங்க?"

"நீயே கேளு."

நானும் கேட்டேன். எங்கேயோ மேலே, பனிக்குள்ளிருந்து, நம் ஆட்கள் பேசுகிற மாதிரி இல்லாத ஒரு குரல். நீட்டி நீட்டி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி. "நா-லாம் காம்-ப-ரா... போ-க வே-ணாம்..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வேறொரு குரல், பெண் குரல், அதையே சொன்னது. பாறையில் பட்டு அது மறுபடி வந்தது.

அது நான் எழுதிய வசனம் என்று எனக்குத் தெரியும். கடைக் கம்பியூட்டரில் என் விரலால் அடித்தது. இருந்தும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பக்கத்துக் காம்பராவில் ஒரு குழந்தை அழுதது. கொழுந்தெடுக்கிற பெண்கள் மேல் மலைக்குப் போகப் பயப்படுகிறார்கள், கோயிலில் பூசை போடப் போகிறார்கள் என்று அம்மா சொன்னார். நான் உண்மையைச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "வெள்ளைக்காரன் எதுக்குடி நம்ம லயத்துக் கதையக் கத்தப் போறான்?" என்றார்.

அதற்குப் பிறகு, மழைக்காலம் முடிந்த சமயத்தில், அந்த ஈமெயில் வந்தது. தனியாக வந்த ஒருவர், ஐந்தே வரி. உங்கள் வழிகாட்டிக்கு நன்றி. அவரைச் சந்தித்தேன், காடு முடிந்து புல் தொடங்கும் இடத்தில். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு என்ன அர்த்தம்?

கடைசி வரியில் அந்த வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். 'தெரியும்.'

ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் எனக்குப் பின்னால் நின்று வாசித்தார். நான் எழுதிய பக்கத்தில் அந்த வார்த்தை எங்கேயும் கிடையாது.

உடனே பதில் எழுதினேன். ஆள் எப்படி இருந்தார்? காலை இழுத்து நடந்தாரா? இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பனியில் முகம் சரியாகத் தெரியவில்லை. தலையில் சாக்கை மழைக்கு மூடும் கொங்காணி மாதிரி போட்டிருந்தார். கையில் கத்தி. நடந்ததை நான் பார்க்கவில்லை. நான் போகும்போதும் நின்றுகொண்டிருந்தார், திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தார்.

"புல்லு வெட்ட வந்தவனா இருப்பான்," என்றான் அண்ணன். "ஒரு வருசமா மலை முழுக்க அதையே கத்துறாங்க. யாருகிட்டச் சொன்னாலும் தெரியும்னுதானே சொல்லுவான்?"

அவன் சொன்னது சரிதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் பகலில் அப்படித்தான் நினைக்கிறேன். "அதுகிட்டப் போய் இதச் சொல்லாத," என்றும் அவன் சொன்னான். ஆனால் என் கொப்பியில் எழுத வைத்துச் சேதி அனுப்பியவர் அவர். பதில் வந்திருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்வது திருட்டு மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் ஓடையோடு நின்றுவிட்டான். அந்த அம்மா போஞ்சி ஆய்ந்துகொண்டிருந்தார். புல் வெட்டுகிறவராகவும் இருக்கலாம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த முதல் பாதியைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

"என்னா சொன்னாராம்?"

"தெரியும்னு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லம்மா."

"நல்லா இருக்கியான்னு கேக்கலியா?"

"இல்ல."

கையிலிருந்த போஞ்சியைக் கூடையில் வைத்தார். மலைப் பக்கம் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கோழி ஒன்று வாசலுக்கு வந்து, அவர் விரட்டாததால் உள்ளே போனது. பிறகு யாரிடமோ கணக்குத் தீர்க்கிற குரலில் சொன்னார்:

"அப்ப தெரிஞ்சிதான் வராம இருக்காரு."

அது அவராக இருக்காது என்று நான் பதறிப் பதறிச் சொன்னேன். யாரோ ஓர் ஆள், விறகுக்காரர், அடுத்த தோட்டத்துக்காரர். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரம் அடுக்குகிற சத்தம் கேட்டது. நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்து, "பனி வரப்போவுது, நீ எறங்கு" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கிழமையே அவர் கொஸ்லந்தைக்குப் போய்விட்டார். போகும்போது ஆறாம் காம்பராவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார் என்று, பிறகு மேலே போய்ப் பார்த்த அண்ணன் சொன்னான். நான் நெட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். ஐயா ஏன் என்று கேட்கவில்லை. அச்செடுத்த தாள்கள் கை மாறிக்கொண்டிருந்ததால் அதற்கப்புறமும் சில மாதம் மேலேயிருந்து சத்தம் கேட்டதாம். பிறகு நின்றுவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் கொஸ்லந்தைக் கடைத்தெருவில் அவரைக் கண்டேன். கருவாடு வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணம் ஆச்சா, அண்ணனுக்கு எத்தனை பிள்ளை என்றெல்லாம் கேட்டார். தம்பி பொஞ்சாதி நல்ல மாதிரி என்றார்.

"இங்க அவ்வளவு பனி இல்ல," என்றார். "விடிய வரைக்கும் தூங்குறேன்."

அந்த இரண்டு வருடமாக நான் அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாய் வரை வந்தன. அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் காத்திருந்தது வீணா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் பண்டாரவளை பஸ் வந்து நின்றது. "ஏறு ஏறு, எடம் போயிரும்" என்று அவரே என்னை முதுகில் தள்ளி ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பார்த்தேன். அவர் கருவாட்டுப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் கடைகளுக்குள் போய்க்கொண்டிருந்தார்.